அத்தியாயம் 7: திங்கட்கிழமை கம்பெனிக்கு, சனிக்கிழமை ஜவ்வாதுக்கு

இந்த அத்தியாயம் வீட்டில் ஒரே வண்டி வைத்திருப்பவருக்கு. வார நாளில் அதே வண்டிதான் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிறது, பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிறது, ராணிப்பேட்டைக்கு சாம்பிள் மூட்டை சுமக்கிறது. சனிக்கிழமை மாலை அதற்குள் இருவர் கால் நீட்டிப் படுக்க வேண்டும். யூடியூபில் வரும் ஆஸ்திரேலிய வண்டிகளைப் பார்த்து, முன்னால் இரும்பு பம்பர், மேலே கூடாரம், உள்ளே ஸ்க்ரூ போட்டு இறுக்கிய அலமாரி என்று ஆரம்பித்தால் பணமும் போகும், வண்டியும் தினப்படி வேலைக்கு உதவாமல் போகும்.

எனவே முதல் விதி: இரண்டு பேர் சேர்ந்து பத்து நிமிடத்தில் கழற்ற முடியாத எதையும் வண்டியில் பொருத்தாதீர்கள். வசதியைத் தவிர இதற்கு வேறு இரண்டு காரணங்களும் உண்டு.

ஒன்று, சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி தயாரித்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்புற இரும்பு கார்டு 2017 டிசம்பர் முதல் கூடாது. கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதற்கு 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. பின் சீட்டை நிரந்தரமாகக் கழற்றினால் ஆர்.சி.யில் உள்ள இருக்கை எண்ணிக்கையோடு இடிக்கும். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

இரண்டு, இந்த ஊருக்கே உரிய காரணம். இது சந்தன மரப் பகுதி. ஆந்திர எல்லையைத் தாண்டினால் செம்மரம். இரவில் கண்ணாடி மறைத்த ஒரு வண்டி, தரைக்குக் கீழே மூடிய அறைகளோடு வந்தால் வனத்துறைச் சோதனைச் சாவடியில் சும்மா விடமாட்டார்கள். ஒரே இழுப்பில் திறந்து காட்டக்கூடிய பெட்டி இருந்தால் ஐந்து நிமிடத்தில் கிளம்பலாம். ஸ்க்ரூ போட்ட பலகை என்றால் நடுராத்திரியில் நீங்கள்தான் கழற்ற வேண்டும்.

எந்த வண்டி

என் ஓட்டு பொலிரோவுக்கு. அழகில்லை, நெடுஞ்சாலையில் சத்தம் போடும், வளைவில் ஆடும். ஆனால் பின்னால் கமான் பட்டை, பின்சக்கர இழுவை, எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கத் தெரிந்த இன்ஜின். ஆலங்காயத்தில் நின்றுபோனாலும் வாணியம்பாடியிலிருந்து பாகம் வந்துவிடும். மூன்றாம் வரிசை பக்கவாட்டு சீட்டாக உள்ள மாடலில் அதை மடித்துவிட்டால் நடுவில் இடம் கிடைக்கும். ஸ்கார்ப்பியோவும் ஆகும். தார் ஓட்ட இன்பம், ஆனால் படுக்க நீளம் இல்லை. ஜிப்ஸி தயாரிப்பே நின்றுவிட்டது. மிச்சம் இருப்பவற்றுக்கு ரசிகர் விலை.

நான்கு சக்கர இழுவை வேண்டுமா? இந்தப் பக்கம் வேண்டியதில்லை. ஏலகிரிக்கும் ஜமுனாமரத்தூருக்கும் தார்ச்சாலை போகிறது. அதைத் தாண்டி வண்டி போக முடியாத இடம் பெரும்பாலும் காப்புக்காடு; அங்கே நீங்கள் வண்டியோடு போகவும் கூடாது.

வாங்குமுன்

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகள் எத்தனையோ. துடைத்து, மெழுகு போட்டு, மேற்கே கொண்டுவந்து விற்றால் யாருக்கும் தெரியாது. அதனால் இந்த வரிசையில் பாருங்கள்:

1. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.
2. சீட் தண்டவாளத்தின் போல்ட், டேஷ்போர்டின் அடிப்புறம், ஃப்யூஸ் பெட்டி ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். துருவோ பச்சைக் களிம்போ இருக்கக் கூடாது.
3. காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது போய் ஸ்டார்ட் செய்யுங்கள். நீங்கள் போகும்போதே பானெட் சூடாக இருந்தால் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். நிற்காமல் வரும் நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும்.
4. சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள்.
5. கமான் பட்டைகளில் விரிசல் உண்டா, யூ-போல்ட் தளர்ந்திருக்கிறதா, புஷ் கிழிந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.
6. பொன்னேரியிலிருந்து ஏலகிரி ஏறுங்கள். மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். நான்கு ஏறினால் போதும். ஆக்ஸிலேட்டர் மிதித்தும் இன்ஜின் மட்டும் கத்தினால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. டெம்பரேச்சர் முள் ஏறிக்கொண்டே போனால் கூலிங்கில் கோளாறு. இறங்கும்போது கியர் தானாக நழுவினால் பேரத்தை அங்கேயே நிறுத்துங்கள்.

ஆவணத்தில் பார்க்க வேண்டியவை: ஃபைனான்ஸ் முடிந்து எச்.பி. நீக்கப்பட்டதா, நிலுவைச் சலான் உண்டா. பெங்களூரு பக்கத்து கே.ஏ. வண்டி விலை குறைவாகத் தெரியும். என்.ஓ.சி. வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, ஆயுட்கால வரியும் கட்டினால் பாதி லாபம் கரைந்துவிடும். அந்தக் கணக்கைப் போட்டுவிட்டு விலை பேசுங்கள். இன்சூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பியுங்கள். விற்றவர் பெயரிலேயே ஓட்டிக்கொண்டிருப்பது இந்தப் பக்கம் சகஜம். இடித்த பிறகுதான் அதன் விலை தெரியும்.

முதல் செலவு மெக்கானிக்குக்கு

விளக்கு, பெட்டி, படுக்கை எதுவும் வாங்காதீர்கள். ஒதுக்கிய தொகையில் முதல் பாதி பட்டறைக்குப் போகட்டும். வேலூர் வெயில் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற வெயில். ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, ஹோஸ்களையும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றி, பச்சைத் தண்ணீர் ஊற்றாமல் சரியான கூலன்ட் நிரப்புங்கள். பிரேக் ஆயிலை மாற்றச் சொல்லுங்கள். பழைய ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். நீண்ட இறக்கத்தில் கொதித்தால் பெடல் தரையைத் தொட்டுவிடும்.

டயர் வாங்கும்போது பக்கச் சுவரில் நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டை நன்றாக இருந்தாலும் ஆறு வயதைத் தாண்டியதை நம்பாதீர்கள். கம்பெனி கொடுத்த அளவிலேயே ஆல்-டெரெய்ன் வகை கிடைக்கும். அளவை ஏற்றினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், வளைவில் டயர் உரசும். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாகக் கணக்கிடுங்கள்.

குறிப்பு: ஜாக்கியோடு ஓர் அடிக்கு ஓர் அடி தடித்த பலகை ஒன்றை எப்போதும் வைத்திருங்கள். மழை நாளில் செம்மண்ணில் பலகை இல்லாத ஜாக்கி வண்டியைத் தூக்காது, தான் புதையும்.

படுக்கை

1. முன் சீட்டுகளை முழுக்க முன்னே தள்ளி, நடு சீட்டை மடித்து, பின் கதவு வரை அளவெடுங்கள். உங்கள் உயரத்தோடு நான்கு அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள்.
2. 12 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் பிளைவுட்டை மூன்று துண்டாக வெட்டி, பியானோ கீலால் இணையுங்கள். வார நாளில் இது மடிந்து வீட்டுக் கட்டிலின் அடியில் போய்விடும்.
3. கால்களுக்கு வெல்டிங் பட்டறையில் ஓர் அங்குலச் சதுர பைப். உயரத்தை, உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்காதபடி வையுங்கள். அடியில் பெட்டி வைக்கும் ஆசையில் உயர்த்திவிட்டு, உள்ளே தவழ்ந்து போகிறவர்கள்தான் அதிகம்.
4. பாடியில் துளை போடாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் சீட் கொக்கிகளில் ராட்செட் பெல்ட் போட்டு இறுக்குங்கள்.
5. அடியில் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகள்: ஒன்று சமையலுக்கு, ஒன்று கருவிகளுக்கு, ஒன்று துணிக்கு. கனமானது கீழே, நடு சீட்டின் முதுகையொட்டி. திடீர் பிரேக்கில் 20 லிட்டர் கேன் பறந்து வந்தால் முன்னால் இருப்பவர் கழுத்து தாங்காது.

எடையைக் கூட்டிப் பாருங்கள். இருவர் 140 கிலோ, படுக்கை 30, தண்ணீர் 40, பாட்டரி, அடுப்பு, கருவி என்று 40 என்றாலே 250 ஆகிவிட்டது. வண்டியின் மொத்த எடை வரம்பிலிருந்து ஆர்.சி.யில் உள்ள வெற்று எடையைக் கழித்தால் எவ்வளவு ஏற்றலாம் என்று தெரியும். அதில் முக்கால் பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆம்பூரில் இருப்பதன் லாபம்: தையல்

வேறு ஊர்க்காரர்கள் ஆன்லைனில் பெரும் விலை கொடுத்து வாங்குவதை நீங்கள் தெருமுனையில் தைத்துக்கொள்ளலாம். கனத்த துணியை ஊசி முறியாமல் தைக்கும் இயந்திரமும், அதில் கை பழகியவர்களும், பக்கிள், ரிவெட், வெல்க்ரோ, ஈ.வி.ஏ. ஷீட் விற்கும் கடைகளும் ஒரே பஜாரில் இருப்பது லேசான விஷயம் இல்லை.

தோல் ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வது சங்கடம்தான்: சீட்டுக்குத் தோல் போடாதீர்கள். மே மாத வெயிலில் நின்ற வண்டியில் தோல் சீட்டில் உட்கார்ந்தவருக்குக் காரணம் சொல்ல வேண்டாம். ஷூ மேல்தோல் வெயிலில் மணிக்கணக்காகக் காய்வதற்குத் தயாரிக்கப்பட்டதும் அல்ல, நிறம் போகும். மலிவாகக் கிடைக்கும் கோட்டிங் போட்ட ஸ்ப்ளிட் சில மாதத்தில் உரியும். சீட்டுக்குக் கேன்வாஸ் உறை, கழற்றித் துவைக்கும்படி. தோல் எங்கே தேவை என்றால், உரசும் இடங்களில்: கேன்வாஸ் பையின் ஓரம், பெல்ட் வந்து உரசும் மூலை, கத்தி உறை, கருவிச் சுருளின் கட்டு. இதற்கு 3 மி.மீ. எருமைத் தோல் போதும். வெட்டு மிச்சமாகவே கிடைக்கும்.

தைத்துக்கொள்ள வேண்டியவை, முக்கியத்துவ வரிசையில்:

1. கருவிச் சுருள். ஸ்பேனர் ஒவ்வொன்றுக்கும் தனிப் பை. சுருட்டிக் கட்டினால் வழியெல்லாம் கடகடவென்ற சத்தம் இருக்காது.
2. முன் சீட்டின் முதுகில் தொங்கும் பை. தலையணைக் கம்பியில் மாட்டிக் கழற்றும்படி.
3. ஜன்னலுக்குக் கொசுவலை. ஓரத்தில் காந்தப் பட்டை வைத்துத் தைத்தால் கதவுச் சட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். நிறுத்திய வண்டிக்கு மட்டும், ஓட்டும்போது கழற்றிவிடுங்கள்.
4. மூன்று துண்டு மெத்தை. இரண்டு அங்குல, அடர்த்தியான ஃபோம், அடியில் 5 மி.மீ. ஈ.வி.ஏ.
5. பக்கவாட்டில் கட்டும் தார்ப்பாய்ப் பந்தல்.

நூல் விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். வெளியில் காயும் பொருளுக்கு பாலியெஸ்டர் நூல். நைலான் வலுவானது என்றாலும் வெயிலில் சீக்கிரம் இற்றுப்போகும். கடையில் தைக்கக் கொடுக்கும்போதே, "பாய், இதுல சைடு ஏர்பேக் இருக்கு, சீட்டோட அந்தப் பக்கத்தைத் தைக்காம விட்டுடுங்க" என்று சொல்லிவிடுங்கள். பல கடைகளில் அதைக் கேட்கமாட்டார்கள். உறை மூடினால் ஏர்பேக் சரியாக விரியாமல் போகலாம்.

எச்சரிக்கை: ஷூ ஒட்டும் பசையால் ஃபோமையும் ஈ.வி.ஏ.வையும் ஒட்டினால் நன்றாகப் பிடிக்கும். அதன் ஆவி தலைசுற்ற வைக்கும், தீயும் பிடிக்கும். வண்டிக்குள் உட்கார்ந்து ஒட்டாதீர்கள். ஒட்டிய மெத்தையை இரண்டு நாள் மாடியில் போட்டு, வாசம் முழுக்கப் போன பிறகே அதில் படுங்கள்.

மின்சாரம்

தேவையைக் கணக்கிட்டால் ஆசை அடங்கும். 15 வாட் மின்விசிறி எட்டு மணி நேரம்: 120 வாட்-ஹவர். ஐந்து வாட் விளக்கு நான்கு மணி: 20. இரண்டு கைபேசி: 30. மொத்தம் 170. 12.8 வோல்ட், 30 ஆம்பியர்-ஹவர் லித்தியம் ஃபெரோ பாஸ்பேட் பாட்டரியில் 384 இருக்கிறது. இரண்டு இரவுக்குப் போதும். ஃபிரிட்ஜ் சேர்த்தால் செலவு இரண்டு மூன்று மடங்காகும். வார இறுதிக்கு ஐஸ் பெட்டியே லாபம்.

பாட்டரியைக் கைப்பிடி உள்ள பெட்டியில் தனியாக வைத்து, வீட்டில் சார்ஜ் செய்து கொண்டுபோங்கள். வண்டியின் வயரிங்கில் கை வைக்காதீர்கள். வண்டியின் 12 வோல்ட் சாக்கெட் சுமார் 100 வாட்தான் தரும். ஆம்பூரிலிருந்து வேலூர் வரும் ஒரு மணி நேரத்தில் கால் பங்குதான் ஏறும்.

வண்டி பாட்டரியிலிருந்து தனி வயர் இழுத்தே ஆக வேண்டும் என்றால் ஃப்யூஸ் பாட்டரி முனையிலிருந்து ஒரு ஜாணுக்குள் இருக்க வேண்டும். மறுமுனையில் ஃப்யூஸ் போட்டால், நடுவில் வயர் உரசிப் பாடியைத் தொடும்போது அது எரியாது, வண்டிதான் எரியும். ஒரு கிலோ தீயணைப்பான் ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கூரை மேல் எல்.இ.டி. பட்டை விளக்கு வேண்டாம். சட்டம் ஒருபுறம் இருக்க, ஜவ்வாது மலையின் காவலூரில் 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி இயங்குவது அந்த மலை இருட்டை நம்பித்தான்.

தண்ணீர், சமையல்

ஓர் ஆளுக்கு ஒரு நாளுக்கு ஐந்து லிட்டர் குடிக்கவும் சமைக்கவும், கழுவுவதற்குத் தனியாக. வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். பாலாற்றுப் பகுதியின் நிலத்தடி நீர் தோல் ஆலைக் கழிவால் கெட்ட கதை, 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன கதை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். கரைந்திருக்கும் உப்பும் குரோமியமும் அப்படியே இருக்கும். தெரியாத கிணற்று நீரை "காய்ச்சிக் குடிச்சா போதும்" என்று எடுக்காதீர்கள்.

முதல் இரவு சமைக்காதீர்கள். புறப்படும்போதே பிரியாணியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் கட்டிக்கொண்டால் இருட்டில் அடுப்போடு போராட வேண்டாம். மறுநாள் காலைக்குச் சிறிய பியூட்டேன் அடுப்பு. பியூட்டேன் கேனில் 50 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று எழுதியிருக்கும். வெயிலில் பூட்டிய வண்டி அதைத் தாண்டும். ஆகவே கேன் வார நாளில் வண்டியில் இருக்கவே கூடாது.

எங்கே நிறுத்துவது

1. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதே குற்றம். ஏலகிரியிலும் ஜவ்வாதிலும் பட்டா நிலம் உண்டு. பகலிலேயே போய், உரிமையாளரிடமும் ஊர்ப் பெரியவரிடமும் கேட்டு, எத்தனை பேர், எப்போது கிளம்புவோம் என்று சொல்லுங்கள். சாமையும் தேனும் அவர்களிடமே வாங்குங்கள்.
2. நடக்க விரும்பினால் 2024-ல் தமிழக அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் முன்பதிவு செய்யுங்கள். வண்டியை அடிவாரத்தில் விட்டுவிட்டு வழிகாட்டியோடு போகலாம்.
3. பேரணாம்பட்டு, குடியாத்தம் எல்லைக் காட்டோரம் வேண்டாம். ஆந்திராவின் கவுண்டின்யா சரணாலயத்து யானைகள் வந்துபோகும் பக்கம் அது.
4. பாலாற்று மணலில் வண்டி இறக்காதீர்கள். வருடத்தில் பெரும்பாலும் வறண்டு கிடக்கும் அந்த ஆறுதான் 2021 நவம்பரில் கரை புரண்டது. மலை ஓடைகளின் படுகைக்கும் இதே விதி.
5. பிப்ரவரி முதல் ஜூன் வரை விறகுத் தீ வேண்டவே வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத் தீ 20-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது.

இரவு

இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுத் தூங்காதீர்கள். வண்டிக்குள் அடுப்பு, கரி, ஜெனரேட்டர் எதுவும் கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். காரணம் ஜெனரேட்டரிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்ஸைடு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எதிரெதிர் ஜன்னல்களை இரண்டு விரல் அளவு திறந்து, வலையை மாட்டிவிட்டுப் படுங்கள். செருப்பை உள்ளே வையுங்கள்; காலையில் போடுமுன் தட்டுங்கள். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாமல், கீறாமல், கடித்த காலை அசைக்காமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சிக்னல் பல இடங்களில் கிடைக்காது. அதனால் எங்கே தங்குகிறீர்கள், எத்தனை மணிக்கு இறங்குவீர்கள் என்பதை வீட்டில் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

இறங்கும்போது

1. கிளம்புமுன் வீல் நட்டுகளையும் படுக்கையின் ராட்செட் பெல்ட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.
2. ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதீர்கள்.
3. ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். வளைவுக்கு முன் ஹாரன், இரவில் லைட்டை டிப் செய்யுங்கள்.
4. பிரேக்கை மிதித்தபடியே இறங்காமல், விட்டு விட்டு அழுத்துங்கள்.
5. கருகிய வாசம் வந்தாலோ, பெடல் மெத்தென்று போனாலோ, அகலமான இடத்தில் நிறுத்தி சக்கரத்துக்குக் கல் வைத்து அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் வளைந்துவிடும். ஆறிய பிறகும் பெடல் கெட்டியாகாவிட்டால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு மெக்கானிக்கை மேலே வரச் சொல்லுங்கள்.